கண்ணாடிக்காரரோட கால்

"சர்க்கரை வியாதியால நல்லதும் நடக்கும் சார்."

நேத்து ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க வந்தவர் விலையைத்தான் கேட்டாரு. கண்ணாடிக்காரர் இதைச் சொல்லிக்கிட்டே கண்ணாடி வெட்டுற கட்டரை மண்ணெண்ணெயில நனைச்சு, மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்தாரு. அடியில லேசா ஒரு தட்டு. கண்ணாடி மறுபேச்சு இல்லாம ரெண்டா வந்துடுச்சு.

"வியாதியால என்னய்யா நல்லது?"

"எனக்கு ஆள் வருது சார்."

ஆள்னா மகன். அவன் கல்யாணத்துக்குப் போகமாட்டேன்னு இவர் வீம்பு பிடிச்சதுல பேச்சே நின்னு போச்சு. மனைவியும் போய்ச் சேர்ந்தாச்சு. கடைக்குப் பின்னாடி ஒத்தை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். விக்காத முகம் பார்க்கிற கண்ணாடியெல்லாம் சுவத்துல சாஞ்சு நிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் மூஞ்சிதான். "எனக்கென்ன, கூட்டத்தோட இருக்கேன்"னு சிரிப்பாரு.

சர்க்கரையில பாதம் மரத்துப் போயிருந்துச்சு. ஒரு நாள் கண்ணாடிச் சில்லு ஏறினதே தெரியல. தரையெல்லாம் ரத்தத் தடத்தைப் பார்த்துட்டு, "எவன்டா அவன், என் கடைக்குள்ள நடந்தது?"ன்னு கத்தினாரு. பக்கத்துக் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மகனுக்கும் போன் போட்டாரு.

அன்னையிலேருந்து தினம் காலையில, வேலைக்குப் போற வழியில மகன் வருவான். காலைத் தூக்கி மடியில வச்சு, கழுவி, மருந்து போட்டுக் கட்டுவான். பேச்சு கம்மி. ஆனா அவன் சட்டைத் தோள்ல பால் கறை இருக்கும். பேத்தி கக்கினது. இன்னும் கண்ணுல பார்க்காத பேத்தி. இவர் குனிஞ்சு குனிஞ்சு அந்த வாசனையைப் பிடிப்பாரு.

"ராத்திரி தூங்கினாளா?"

"எங்க தூங்கினா? ஒரே ஆட்டம்."

"உன்னை மாதிரியேடா."

"காலை ஆட்டாதீங்கப்பா."

கட்டுப் பிரிக்கிறப்பல்லாம் புண்ணு கொஞ்சம் சின்னதாயிருக்கும். மகனுக்கு மூஞ்சி தெளியும். இவருக்கு வாடும். புண்ணு ஆறிட்டா அவனுக்கு இங்க என்ன வேலை?

இன்னைக்குக் காலையில கட்டைப் பிரிச்சா, புண்ணு இருந்த எடத்துல பச்சைக் குழந்தை உள்ளங்கால் மாதிரி இளஞ்சிவப்பாத் தோல் மூடியிருக்கு.

"ஆறிடுச்சுப்பா. இனிமே கட்டு வேணாம்." மகன் மருந்துப் பையை மூடினான்.

இவர் அந்தக் காலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா அதைக் கீழ இறக்கிட்டு, ஒண்ணுமே ஆகாத இன்னொரு காலைத் தூக்கி மகன் மடியில வச்சாரு.

"இதையும் ஒரு பார்வை பார்த்துடேன்டா."