வேலிக்கு அந்தப் பக்கத்துக் கரண்ட்

கோப்பாய்ச் சந்தியில் ஓட்டோவை நிறுத்தி வடை தின்றுகொண்டிருந்தபோது, மிஸ்ஸிடம் படித்த பிள்ளை ஒருத்தி போனில் அழைத்தாள். "அண்ணை, சிவகாமி மிஸ் மோசம் போட்டா." நோய் வருத்தத்தில் கிடந்தவர்தான், சாவு எதிர்பாராததல்ல. என்றாலும் கையிலிருந்த வடையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

இந்த நினைவுமலரில் இதை வாசிக்கும் பலர் அவரிடம் பொறியியல் படித்தவர்கள். என்னைச் சாதாரண தரப் பரீட்சைக் கணக்கே கைவிட்டது. நான் அவரை ஓட்டோவில் ஏற்றித் திரிந்தவன். மின் உபநிலையங்களையும் ட்ரான்ஸ்போமர்களையும் புள்ளிகளாகவும் கம்பிகளைக் கோடுகளாகவும் வரைந்து, எந்தப் புள்ளி விழுந்தால் எத்தனை ஊர் இருளும் என்று கணினியில் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

எது விழுந்தால் அதிக ஆபத்து என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். படத்தில் பெரிய உபநிலையத்தைக் காட்டினேன். "அதுக்கு வேறை வழியாலையும் கரண்ட் வரும் அண்ணை. உந்தச் சின்னனைப் பாருங்கோ. ரண்டு பக்கத்தையும் தொடுக்கிறது உது ஒண்டுதான்" என்றார். முன்பே தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

எங்கள் சின்னவளுக்குத் தொய்வு. மாரியில் மூச்சு இழுக்கும். நெபுலைசர் மெஷின் பிடிக்க வேண்டும். அதே மழைக்குத்தான் கரண்டும் போகும். எங்கள் ஒழுங்கையின் மின்கம்பிகளை வரைய வந்த மிஸ், உங்களுக்குப் போகும்போது பின்வளவு வீட்டிலும் போகிறதா என்று கேட்டார்.

"தெரியாது மிஸ். நாங்கள் அந்தப் பக்கம் பாக்கிறேல்லை."

பின்வளவு நடராசாவுக்கும் எனக்கும் வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றினால் பல வருடமாகக் கதைபேச்சு இல்லை. மிஸ் வீதியால் சுற்றிப்போய் அவரிடமே கேட்டு வந்தார். அவர்களுக்கு வேறு ட்ரான்ஸ்போமர். நாங்கள் இருட்டில் இருக்கும்போது அங்கே பெரும்பாலும் லைற் எரியுமாம்.

"வேலிக்குள்ளாலை ஒரு எக்ஸ்ரென்சன் வயர் வந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். மெஷினை மட்டும் கொழுவுங்கோ, வீட்டு வயரிங்கோடை தொடுக்காதேங்கோ" என்றார். ஜெனரேற்றர் வாங்குவதாக வீரம் பேசினேன்.

"வாங்குங்கோ. அதுவரைக்கும் பிள்ளை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கட்டோ?"

அந்த ஐப்பசியில் ஒரு பின்னேரம் கரண்ட் போனது. சின்னவளுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. வயரோடு வேலியடிக்குப் போன எனக்கு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. செருமினேன். மறுபடியும் செருமினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து நடராசாவின் குரல் வந்தது. "செருமினது காணும். வயரைத் தாரும்."

நெபுலைசர் இரைந்தது. பிள்ளையின் மூச்சிழுப்பு மெல்ல இறங்கியது.

தை மாதம் அவர்கள் பக்கம் இருண்டது. அதே வயர் எங்களிடமிருந்து போனது, நடராசாவின் மனைவி தொலைக்காட்சி நாடகம் பார்க்க. அதைச் சொல்ல மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். படுக்கையில் இருந்தார்.

"இப்ப கதைக்கிறியளோ?"

"ஓம் மிஸ். சண்டையும் பிடிக்கிறம்."

சிரித்தார். இருமல் வந்ததால் போனை வைத்துவிட்டார். பிறகு கதைக்கக் கிடைக்கவில்லை.

அவருடைய கணக்கு இன்றுவரை எனக்கு விளங்காது. ஆனால் கரண்ட் போனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறேன். அங்கே லைற் எரிந்தால் வயரை எடுக்கிறேன். அங்கேயும் இருட்டென்றால், மெழுகுதிரி இருக்கோ என்று கேட்கிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்.