மூன்று தலை அரக்கனுக்கு ஒரு தலை குறைந்த கதை

கையிலிருந்து கட்டிங் ஆயில் வாசனை போக வேண்டுமென்றால், முதலில் மரத்தூளைப் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் சோப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த ஒரு மாதம் மட்டும் நான் இரண்டு தடவை சோப்புப் போட்டேன்...

கால்குலேட்டரைத் தொட வேண்டுமே!

நண்பர்களே, போனில் ஒரு விரலால் தட்டுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

அப்போது நெமிலிச்சேரியில் குடியிருந்தோம். என் மகள் கல்பனா பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு பழைய டிவி கேம். அதில் ஒரு ஆட்டம் அவளுக்கு உயிர். சின்ன ஊர்க்காரன் ஒருவன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசுகிறான். கடைசியில் மூன்று தலை அரக்கனைக் கொன்றுவிட்டு வீடு திரும்புகிறான். அவ்வளவுதான் கதை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பாதி நேரம் பேச்சு, அதுவும் எழுத்தில். எனக்கு அப்போது தமிழே படிக்கத் தெரியாது, அது இங்கிலீஷ் வேறு. கல்பனாதான் படித்துச் சொல்வாள். சாயங்காலம் ஆனால் டிவி என் மனைவியின் சீரியலுக்குப் போய்விடும். அவன் பாதி வழியில் நிற்பான்...

அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் குமார், என் மனைவியின் தம்பி, ஒரு மாத லீவில் வந்தார். தன் மகளின் பள்ளிக்கூட கால்குலேட்டர் ஒன்றைப் பழுதுபார்க்க எடுத்து வந்திருந்தார். கணக்கைப் போட்டால் வளைவு வளைவாகக் கோடு வரைந்து காட்டுகிற வகை. கல்பனாவே அதைப் பிரித்து, துடைத்து, சரிசெய்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

"நைனா, இதுல புள்ளி வெக்க முடியுது. புள்ளி வெச்சா ஆள் வரையலாம். அந்த கேம இதுக்குள்ள கொண்டாந்துடறேன் பாரு. ஒனக்கே ஒனக்கு."

"அம்மாம் பெரிய ஊரு இதுக்குள்ள எப்டிமா பூரும்?"

"பூராது. வெட்டணும்."

எதை வெட்டுவது? அதற்கு அவளே ஒரு வழி வைத்தாள். படிக்கத் தெரியாத எனக்கு எது புரிகிறதோ அது இருக்கும், மற்றதெல்லாம் போகும். பேச்சு முழுவதும் போனது, அதற்குப் பதில் படம். தூங்குகிற இடத்துக்கு ஒரு பாய், மருந்துக்கு ஒரு குப்பி. சாம்பல் நிறத்தில் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஆறு ஓடியது, காடு நின்றது. எல்லாம் புள்ளிகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மழைக்கு நடுவில் ஒரு ஊர் தெரிகிற மாதிரி இருக்கும்...

எனக்கு ஒரே ஆசை. யாரும் படித்துச் சொல்லாமல், நானாகவே அவனை வீடு சேர்க்க வேண்டும். மச்சான் கிளம்புவதற்குள்.

ஆனால் பாலத்தைத் தாண்டியதும் செத்துப்போனான். மறுபடியும் செத்துப்போனான். கல்பனா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, வெறுங்கையோட போற? கத்தி எங்க?"

"எந்தக் கத்தி?"

"கோடி ஊட்ல பொட்டிக்குள்ள கீதே!"

"பொட்டியப் பாத்தேன். அது அடுத்தவங்க ஊடுமா. ஆள் இல்லாத நேரத்துல பூந்து தொறக்கச் சொல்றியா?"

"ஐயோ, கேம்ல எல்லாரும் தொறப்பாங்க நைனா!"

"தொறக்கட்டும். நான் மாட்டேன்."

சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "சொந்த பீரோவத் தொறந்து ஒரு சட்ட எடுத்துக்கத் தெரியாது அந்தாளுக்கு. ஊரான் பொட்டியத் தொறக்கப் போறாராம்!"

கல்பனா சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். அந்த வீட்டுக்கு ஒரு அம்மாவை வைத்து, அவர் கையால் கொடுக்கச் செய்யலாம். ஆனால் கால்குலேட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சொன்னாள்.

"நைனா, அரக்கனோட ஒரு தலைய எடுத்துட்டேன். அந்த எடத்துல அம்மா வந்துட்டாங்க."

கோடி வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து ஒரு உருவம் நடந்து வந்தது. கொஞ்சம் புள்ளிகள்தான், கொண்டை மட்டும் தெரிந்தது. கத்தியை நீட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். நிஜமாகவே தலையாட்டினேன்.

அதற்குள் மச்சான் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. டாக்சி வாசலில் நிற்கிறது.

"குடு மாமா. பொண்ணுக்கு ஸ்கூல் தொறக்கறாங்க."

"இரு மச்சான், குகை வாசல்ல கீறேன்."

"அப்ப நீயும் வண்டில ஏறு. ஏர்போர்ட் வரைக்கும் டைம் தரேன்."

ஏறினேன். பூந்தமல்லி தாண்டும்போது ஒரு தலை போனது. போரூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது, இன்னொரு தலையும் விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஏறினதுலேர்ந்து கணக்கு போட்டுகினே வரீங்க?"

"கணக்கு முடிஞ்சிட்சிப்பா," என்றார் மச்சான். "இனிமே ஊட்டுக்குப் போறதுதான் பாக்கி."

அவன் காட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி நடந்தான். மீனம்பாக்கத்தில் வண்டி நின்றபோது தன் வீட்டு வாசலில் இருந்தான். கதவு திறந்தது. பார்த்துவிட்டு, கால்குலேட்டரை ஆஃப் செய்து, மச்சான் கையில் கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி முழுக்க வீடுகள், விளக்குகள், எல்லாம் புள்ளி புள்ளியாக...

இப்போது நூம்பலில் இருக்கிறோம். போன வருஷம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கல்பனா அதே மாதிரி ஒரு ஆட்டத்தைத் தமிழ் எழுத்தோடு போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வண்ணம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆட்கள் நிறையப் பேசுகிறார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்து பட்டனைத் தொடும்வரை அடுத்த வார்த்தை பேசாமல் நிற்கிறார்கள். மீன்காரர், காவல்காரர், ராஜாகூட நிற்கிறார். நம் ஊரில் யார் அப்படி நிற்கிறார்கள்?

அன்றைக்கு எழுத்தே இல்லாமல் ஒரு மாதத்தில் அவனை வீடு சேர்த்தேன். இன்றைக்கு எல்லாம் படிக்க முடிகிறது. வாசலில் வண்டியும் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கல்பனா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இன்னும் மொத ஊர்லயே கீற?"

"பேசிகினு கீறாங்கமா... பாதில எப்டி எழுந்து போறது?"