அண்ணனின் பிறப்புத் தாள்

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் எட்டு மாதத்தில் இறந்துபோனான். மறு வருடம் நான் பிறந்தேன். அப்பா அவன் பெயரையே எனக்கும் வைத்தார். என்னைப் பதிய மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போனால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும் என்று அவனுடைய பிறப்புச் சான்றிதழையே எனக்கு ஆக்கிவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இப்படிப் பலர் உண்டு. ஐந்தாம் வகுப்புவரை அந்தத் தாளில்தான் படித்தேன். அடையாள அட்டை எடுத்ததும் கல்யாணத்தைப் பதிந்ததும் அதை வைத்துத்தான். அண்ணனின் சாவுப் பதிவு அரசாங்கக் கந்தோரில் வேறொரு அலுமாரியில் கிடந்தது. ஒரு அலுமாரியில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் இத்தனை வருடம் வாழ்ந்தேன்.

இப்போது எல்லாக் கந்தோர்களின் பதிவுகளையும் கணினியில் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். முன்பு மூன்று தடவை பஸ் ஏறி வாங்கிய தாளைப் பக்கத்து வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் வாங்கிவந்தார். அவர் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல நான் அண்ணனின் சாவுப் பதிவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று அவளோடு பதுளைக் கந்தோரில் நின்றேன். உத்தியோகத்தர் அம்மா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க எட்டு மாசத்துலயே எறந்துட்டதா இருக்கே."

"அப்ப பேயா நிக்குது? தள்ளி நில்லுங்கப்பா," என்றார் வரிசையில் பின்னால் நின்றவர். சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. "என்னப்பா சொல்றாங்க?"

அத்தனை பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. மேசைமேல் குனிந்து அண்ணன் கதையைச் சொன்னேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அத எழுதிக் கையெழுத்து வச்சா மகளோட விண்ணப்பம் மேல போகும். ஆனா ஒங்க அடையாள அட்டை நம்பர நிப்பாட்டிருவாங்க. எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல. புதுசாப் பதிய சாட்சி வேணும். நீங்க பொறந்தப்ப இருந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லைங்க."

"யோசிச்சுக் கையெழுத்து வைங்க ஐயா."

யோசிக்கவில்லை. வைத்தேன்.

இரண்டு வாரத்தில் மகளின் அட்டை வந்தது. அடுத்த நாள் சீனி வியாதி மருந்துக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். என் எண்ணைக் கணினியில் தட்டிய தாதி நிமிர்ந்தாள்.

"இந்த ஆளு வந்திருக்காரா?"

கையை உயர்த்தினேன். அவள் என்னைப் பார்க்காமல் மறுபடியும் திரையைப் பார்த்தாள்.