கடைசி ஐந்து அத்தியாயங்கள்

பேத்தி பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாவலின் என் பழைய பிரதியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு பெருசா தாத்தா? போன்ல சுருக்கம் இருக்கு. அஞ்சு நிமிஷந்தான்." புத்தகத்தைத் திறந்தேன். வசவாசி மணத்தது.

சாதிக்காயைச் சுற்றிச் சிவப்பு வலைபோல் இருக்குமே, அதுதான் வசவாசி. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே மாத்தளையில் ஒரு வாசனைப்பொருள் ஸ்டோரில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். அங்கே பதினொரு பெண்கள் சிறு கத்தியால் அதைக் கிழியாமல் முழுப் பூவாக உரிப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். ஆகவே நான் இந்த நாவலைச் சத்தமாக வாசிப்பேன். தகரக் கூரையில் மழை பிடித்தால் என் குரல் எனக்கே கேட்காது. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

புதிதாக வந்த மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. வேலை கெடுகிறதாம், கதையைச் சுருக்கிச் சொல்லி முடிக்க வேண்டுமாம். வீரனான நான் அன்றே இருநூறு பக்கத்தை நாலு வசனத்தில் முடித்தேன். மேனேஜர் வாசலில் நின்று தலையாட்டினார்.

உரிப்பவர்களில் மூத்தவரான மாரியாயி அக்கா என்னைப் பார்த்தார். "கதை எங்களுக்குத் தெரியும்ங்க, கிளாக்கரய்யா. ரெண்டு தரம் கேட்டாச்சு. கடுதாசிய மடிக்கிறப்ப அவ கை நடுங்குமே, அத வாசிங்க."

பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "பூவ முழுசா எடுக்கச் சொல்றீங்க. கதைய மட்டும் பிச்சுத் தரச் சொல்றீங்களே, ஐயா?"

பதினொரு கத்திகளும் கீழே இறங்கின. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். கதாநாயகி கடுதாசியை மடிக்கும் இடத்தை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். கத்திகள் மறுபடி எழுந்தன.

மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது இரு நாட்டு ஒப்பந்தப்படி அக்கா குடும்பத்தோடு இந்தியா போகும் நாள் வந்துவிட்டது. இன்னும் ஐந்து அத்தியாயம் மிச்சம். கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறும் அன்று, தைத்த நூலை அறுத்து அந்தப் பக்கங்களைக் கொடுத்தேன்.

"நீங்களே பிச்சுட்டீங்களே" என்று சிரித்தார். மகனை வாசிக்கச் சொல்வாராம்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. கத்தியைக் கீழே வைத்துக் கதை கேட்ட பெண்களில் ஒருவரும் இந்த ஊரில் இல்லை. என் புத்தகத்துக்கு முடிவும் இல்லை.

"முடிவும் போன்ல இருக்கு" என்கிறாள் பேத்தி. இருந்துவிட்டுப் போகட்டும். முதல் பக்கத்திலிருந்து சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். ஒரு வரியும் சுருக்க மாட்டேன்.