சூடு ஆறட்டும் அங்கிள்

டொறத்தி புறங்கையை என்ஜின் மேல் வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. "இன்னும் சுடுது. சூடு ஆறட்டும் அங்கிள்." அளவெடுப்பதென்றால் ஆறிய என்ஜினில்தான் எடுப்பார். அதுவரை தேத்தண்ணீர்.

வயது முப்பத்தொன்று. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அப்பா ஜேசுரட்ணம் நடத்தும் கராஜில் மாஸ்டர் பட்டம் பெற்றவர் இவர் ஒருவர்தான். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே நின்றுதான் எங்கள் ஆட்கள் கார்ச் சாவியை அப்பாவிடம் கொடுப்பார்கள். அவர் திரும்பியும் பாராமல் மகளிடம் நீட்டுவார். பார்த்துக்கொண்டு நிற்கும் எனக்கு எரிச்சல் வரும். டொறத்திக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அன்று வந்தவர் அரியரத்தினம். என்ஜின் விளக்கு எரிந்ததால் கார் பரிசோதனையில் தேறவில்லை. மூன்று மணிக்கு மறுபரிசோதனைக்கு டெர்மின் எடுத்திருந்தார். அதிலும் தேறாவிட்டால் விடியற்காலை பேக்கரி வேலைக்குப் போக வழியில்லை. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கையில் புது லம்டா சென்சர், பெட்டியோடு. புகையில் எவ்வளவு ஒக்சிசன் என்று மோப்பம் பிடிக்கும் சாமான் அது. உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அது சூடாகாவிட்டால் மோப்பமும் இல்லை.

"உதுதான் செத்துப்போச்சாம். கோயில்ல எல்லாரும் சொல்லினம். பூட்டிவிடு பிள்ளை."

"அளந்துபோட்டுப் பூட்டுவம்."

"எதுக்கும் அப்பாவை ஒருக்காக் கேளன்."

அப்பா ஒரு கார்ச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை போலும்.

சூடு ஆறியதும் டொறத்தி பிளக்கைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு வெள்ளை வயர்களிலும் மீற்றரை வைத்தார். ஆறு ஓம் காட்டியது. அதை மணிக்கட்டில் பேனையால் எழுதிக்கொண்டார்; அவருடைய குறிப்பேடு அதுதான். "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு." பிறகு காரிலிருந்து வரும் பிளக்கில் வைத்தார். பூச்சியம். "கரண்ட் வரேல்லை அங்கிள்."

பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஹீட்டரின் பியூஸ் எரிந்திருந்தது. அதிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று புறப்பட்டு, வழியில் தோலுரிந்து இரும்பில் முட்டி, டாஷ்போர்ட் பிள்ளையாரின் ஒளிவட்டத்தில் முடிந்தது.

அரியரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "நான்தான் பூட்டினனான். போன சதுர்த்திக்கு."

டொறத்தி சிரிக்கவில்லை. பியூஸை மாற்றினார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், பிள்ளையாருக்குப் புது வயரும் தனிப் பியூஸும் போட்டு, ஒளிவட்டம் எரிகிறதா என்றும் பார்த்தார். "அந்தப் பெட்டியை வாங்கின இடத்திலயே திருப்பிக் குடுங்கோ." மூன்று மணிக்குக் கார் தேறிவிட்டது.

அடுத்த வாரம் அரியரத்தினம் மனைவியின் காரோடு வந்தார். ஜேசுரட்ணம் வழக்கம்போல் கையை நீட்டினார். அரியரத்தினம் அவரைத் தாண்டிப் போய், ஒரு காருக்கு அடியில் கிடந்த டொறத்தியின் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். எண்ணெய்க் கறுப்போடு ஒரு கை வெளியே வந்தது. அரியரத்தினம் சாவியைக் கைலேஞ்சியால் துடைத்து, அதில் வைத்தார்.