மேரி வீட்டு லேப்டாப்பில் வெள்ளம்

ஆயுத பூஜைக்கு நீங்கள் எதையெல்லாம் துடைத்தீர்கள்? பைக், மிக்ஸி, தையல் மெஷின்… நான் ஒரு படி மேலே போனேன். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் சின்ன ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன், 'புது வெர்ஷன் வந்திருக்கிறது, அப்டேட் செய்யட்டுமா?' என்று மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்த மேப் சாஃப்ட்வேருக்கும் 'சரி' சொல்லிவிட்டேன். நல்ல நாள் பாருங்கள்!

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டு ஆன் செய்தேன். மேப் பளபளவென்று வந்தது. வெள்ளக் கணக்குப் போடும் டூலைத்தான் காணவில்லை.

மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மேப் ஒரு கம்பெனி, அதில் மாட்டிக்கொள்ளும் டூல் வேறு கம்பெனி. புது மிக்ஸியில் பழைய ஜார் உட்காருமா? அந்தக் கதைதான். டூல்காரர்களைக் கேட்டால், 'புதியதற்கு ஏற்றது விரைவில் வரும்' என்றார்கள். பழைய வெர்ஷனையே திரும்பப் போடலாம் என்றால், லைசென்ஸ் புதியதற்கு மாறிவிட்டதாம்!

வேறொரு நாளாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் பொன்னேரி பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் புது ரோடு போடுகிறார்கள். அதற்கு அடியில் மழைத் தண்ணீர் போக இரண்டு பைப் போதுமா, பெட்டி மாதிரி அகலமான பாலம் வேண்டுமா என்று நான் சொல்ல வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் மறுநாள் பைப்பையே புதைத்துவிடுவார்கள். தண்ணீருக்கு வழி பத்தாவிட்டால் அது நேராகப் பக்கத்துக் காலனிக்குள் நுழையும். ஐப்பசி மழையோ வாசலில் நிற்கிறது.

பூஜைப் பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்த மேரி நிமிர்ந்தார். எங்கள் ஆபீஸைச் சுத்தம் செய்பவர். வீடு அந்தக் காலனியில்தான்.

"இன்னா சார், காலைலயே பேஜாரா கீறீங்க?"

சொன்னேன்.

"எம் பொண்ணு படிக்கிறதுக்குன்னு பழைய லேப்டாப் ஒண்ணு குடுத்தீங்களே… அதுல இருக்காதா?"

இருக்கலாம். கொடுக்கும்போது எதையும் அழிக்கவில்லை. பெருந்தன்மை இல்லை, சோம்பல்.

"ஆனா இத்தனை நாள்ல அதுவும் அப்டேட் கேட்டிருக்குமே மேரி?"

"தெனம் கேக்கும் சார். ஊட்ல நெட்டு ஏது? 'அப்புறம்'னு அமுக்கிடும் எம் பொண்ணு."

என்னைவிட விவரமான பெண்! ஃபைல்களை பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மேரியையும் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தேன். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் நாலு ஹாலோ பிளாக் மேல் நின்றது. லேப்டாப் பீரோவுக்கு மேலே, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. ஏன் என்று கேட்கவே வேண்டியதில்லை.

டூல் இருந்தது! முதலில் இரண்டு பைப் வைத்துக் கணக்கை ஓட்டினேன். லேப்டாப் மூச்சு வாங்கி முடித்தபோது, மேப்பில் நீலம் பரவிக் கிடந்தது.

"இதுல எங்க ஊடு எது சார்?"

காட்டினேன். நீலத்துக்கு நடுவில் இருந்தது. மேரி ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று காலை வரை இரண்டு பைப் போதும் என்றுதான் நானும் மனசுக்குள் நினைத்திருந்தேன்.

பைப்பை எடுத்துவிட்டு அகலமான பாலத்தைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை நீலம் காலனியை விட்டு விலகி, வாய்க்காலோடு ஓடியது. 'ஆச்சு!' என்று ஏதோ பரீட்சை பாஸான மாதிரி கத்திவிட்டேன்.

மேரி சிரிக்கவில்லை.

"படத்துல தண்ணி போயிடுச்சி சார். ரோடு போடறவங்க இத்த கேப்பாங்களா?"

வழக்கமாக ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறவன் நான். அன்று நேராக சைட்டுக்குப் போய், பைப் ஏற்றி வந்திருந்த லாரிக்கு முன்னால் பைக்கைக் குறுக்கே நிறுத்தினேன்.