ஏழு கல்லூரிக்கும் ஒரே கண்ணீர்

என் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் உருளும், கதவு படார் என்று சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய மெஷினில் அவளுக்கு வேலை. ஒருமுறை ஒரு விரிப்பு கருகிவிட்டது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்துவிட்டான். அக்கா மெஷினை நிறுத்தினாள். கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். விரிப்பு எங்கே என்று வார்டுகளிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தார்கள். கடைசியில் அவன் அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சுவிட்சைப் போட்டாள். பள்ளி விட்டு வந்து அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் மகள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்த மகள்தான் இப்போது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். மகாராணி அன்று சலவைக் கூடத்தில் பார்த்ததை வைத்து ஒன்றே ஒன்று எழுதி ஏழு கல்லூரிக்கும் தள்ளிவிட்டாள். கடைசிப் பத்தி மட்டும் மாறும். சட்டக் கல்லூரிக்கு, அதனால் வக்கீலாக விரும்புகிறேன். நர்சிங் கல்லூரிக்கு, அதனால் நர்ஸாக விரும்புகிறேன். கட்டடக்கலைக் கல்லூரிக்குக்கூட என் அக்கா வாங்கிய அடி பொருந்தியிருக்கிறது என்றால் பாருங்கள்!

ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அம்மாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் நாள் மகள் கண்ணாடி முன் நின்று கட்டுரையை ஒப்பித்தாள். சமையலறையில் இருந்த எங்கள் காதில் விழுந்தது. "என் அம்மா தலைகுனிந்து அழுதார். அந்தக் கண்ணீர்..."

அக்கா கரண்டியோடு போய் நின்றாள்.

"யாருடி அழுதது?"

"அது கட்டுரைக்காகம்மா."

"நான் மெஷினை நிறுத்தினேனே, அது எங்க?"

"போன வருஷம் அப்படித்தாம்மா எழுதினேன். ஒருத்தர்கூடக் கூப்பிடல. இந்தத் தடவை உன்னை அழ வெச்சேன், கூப்பிட்டுட்டாங்க. இதுவும் போச்சுன்னா நானும் உன்கூட வந்து விரிப்புதான் தேய்க்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். ஆனால் நிமிர்ந்து நின்றவளுக்கு வாசலைச் சாத்திவிட்டு, அழுதவளுக்குத் திறந்துவிட்ட அந்தப் பெரிய மனிதர்களை என்ன செய்வது?

"வரேன்," என்றாள் அக்கா. "வந்து, என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன்."

மறுநாள் பஸ்ஸில் வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள். நானும் கூடவே ஒத்து ஊதினேன்.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கதவோரம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். நடுவில் இருந்த பெண்மணி தண்ணீர் டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"நீங்க அழுத இடத்தைப் படிச்சதும் எனக்கே கண் கலங்கிடுச்சும்மா. பாவம், ரொம்ப அழுதீங்களோ?"

சொல்லு அக்கா, சொல்லு என்று எனக்கு நாக்கு துடித்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஆமாங்க," என்றாள் அக்கா, மேசையைப் பார்த்தபடி. "ரொம்ப அழுதேன்."

சீட் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் மகள் "அம்மா" என்று கையைப் பிடித்தாள். அக்கா வெடுக்கென்று உதறினாள்.

"அவன் அறைஞ்சப்பகூட நான் தலை குனியலடி. இன்னிக்குக் குனிஞ்சேன். இதையும் எங்கயாவது எழுதித் தொலைக்காத."